தொட்டுப் பார்க்கும் கடிகாரம்

1. கிள்ளான் அங்கிளின் புகார்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பார்வையற்றவர்கள் வேலை செய்யும் ஒரு மசாஜ் சென்டரில் நெடுங்காலம் கவுன்ட்டரில் இருந்தேன். போன வருடம்தான் ஓய்வு பெற்றேன். புக்கிங் எடுப்பது, பணம் வாங்குவது, துண்டு மடிப்பது, திட்டு வாங்குவது எல்லாம் என் பொறுப்பு. முதல் மூன்றை யாரும் ஒரே நாளில் கற்றுக்கொள்ளலாம். நான்காவதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள் என்று நினைக்கிறேன்.

அன்று திட்டியவர் கிள்ளானிலிருந்து மாதம் தவறாமல் வரும் ஒரு முதுகுவலிக்கார அங்கிள். சட்டைப் பித்தானைப் போட்டபடியே வெளியே வந்தார்.

"ஏம்மா, ஒன் ஹவருக்குத்தானே காசு கட்டினேன்? உள்ள போகும்போது போன்ல டைம் பாத்தேன். ஃபோர்ட்டி மினிட்ஸ்தான் ஆச்சு லா. அதுக்குள்ள முடிஞ்சிருச்சு அங்கிள்னு சொல்றான்."

சொன்னது மோகன். எங்களிடம் இருந்தவர்களில் கைராசிக்காரர், நேரத்தில் கறாரானவர். அவர் மேல் அந்த வாரம் வந்த மூன்றாவது புகார் இது. அங்கிளின் பின்னாலேயே வந்த மோகன் தன் கடிகாரத்தைத் தொட்டுப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"இப்ப ரெண்டு நாப்பதுதான் காட்டுது அக்கா. உள்ள மூணு மணின்னு காட்டிச்சு."

பாஸ் தன் அறையிலிருந்து எழுந்து வந்தார். "உள்ள ஒரு டைம், வெளிய ஒரு டைமா?" என்றார்.

2. முள் இல்லாத கடிகாரம்

மோகனின் கடிகாரத்தில் முள்ளும் கிடையாது, எண்ணும் கிடையாது. முகப்பில் வட்டமாக ஒரு பள்ளம். அதில் மிளகு அளவில் ஓர் இரும்பு உருண்டை ஓடும். அது நிமிடத்துக்கு. விளிம்பைச் சுற்றி இன்னொரு பள்ளத்தில் இன்னோர் உருண்டை, மணிக்கு. உள்ளே சுற்றும் சின்னக் காந்தங்கள் இரண்டையும் இழுத்துக்கொண்டு போகும். பன்னிரண்டுக்கு நேராக முக்கோணமாக ஒரு மேடு, மற்ற இடங்களில் கோடுகள். விரல் பட்டு உருண்டை விலகினால், கையை ஓர் உதறு உதறினால் தன் இடத்துக்கு வந்துவிடும்.

பேசும் கடிகாரம் இதைவிட மலிவு. அதை ஏன் வாங்கவில்லை என்று ஒருமுறை கேட்டேன். "கஸ்டமர் நல்லா தூங்கிட்டு இருப்பாரு. அப்ப பாத்து அது மணி சொன்னா நல்லாவா இருக்கும்?" என்றார்.

திங்கள்கிழமை கடை திறந்ததும் நேராகக் கவுன்ட்டருக்கு வருவார். கடிகாரத்தின் பக்கவாட்டுத் திருகை வெளியே இழுத்துச் சுற்றி, உருண்டைகளை ஒன்பதரைக்கு நகர்த்தி வைத்துக்கொண்டு காத்திருப்பார். நான் போனைப் பார்த்து "இப்போ" என்பேன். திருகை உள்ளே தள்ளுவார். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் வாரம் முழுக்க அவர் வேலை நடக்கும்.

புகார் வந்த அன்று பாஸ் அந்தக் கடிகாரத்தை வாங்கித் தன் போனோடு வைத்துப் பார்த்தார். இம்மியும் பிசகவில்லை.

"வாட்ச் கரெக்ட்டா இருக்கு. ஆளுதான் சரியில்ல. சீக்கிரம் முடிச்சா இன்னொரு கஸ்டமர் பாக்கலாம், கமிஷன் வரும். இந்த மாசத்தோட நிறுத்திக்கலாம் மோகன்."

மோகனுக்குச் செந்தூலில் வாடகை வீடு, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். அவர் அதையெல்லாம் பேசவில்லை. பாஸ் போன பிறகு என்னிடம் மட்டும் சொன்னார்:

"அக்கா, இன்னும் நேரம் இருக்குன்னுதான் என் கை சொல்லிச்சு. நான் கடிகாரத்த நம்பினேன்."

பாஸ் விட்டுப்போன கடிகாரத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

3. கட்டிலின் கால்மாட்டில்

இரண்டு நாள் கழித்து, அடுத்த கஸ்டமருக்காகத் துண்டு வைக்க மோகனின் அறைக்குப் போனேன். அவர் கை கழுவப் போயிருந்தார். எண்ணெய் படும் என்பதால் வேலை நேரத்தில் கடிகாரத்தைக் கழற்றிக் கட்டிலின் கால்மாட்டில் வைத்துவிடுவார். கையில் எடுக்க மாட்டார். சுண்டுவிரல் முட்டியால் இருந்த இடத்திலேயே தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

நிமிட உருண்டை ஆறுக்கு நேராக இருந்தது. என் போனில் பதினொன்றே கால்.

கடிகாரத்தைத் தூக்கினேன். உருண்டை சறுக்கிக்கொண்டு மூன்றுக்கு வந்தது. கட்டிலில் வைத்தேன். மறுபடியும் ஆறுக்கு ஓடியது.

விரிப்பைத் தூக்கிப் பார்த்தபோது கீழே மேக்னட் மேட். டைரக்ட் சேல்ஸ் நண்பர் ஒருவர் பேச்சைக் கேட்டு அந்த மாதம்தான் பாஸ் வாங்கிப் போட்டிருந்தார். இரத்த ஓட்டத்துக்கு நல்லதாம். கஸ்டமர்களுக்கும் விற்கலாம் என்று கணக்கு. மேட்டில் வரிசையாகப் பதித்திருந்த காந்த வில்லைகள், பக்கத்தில் வைக்கும் உருண்டையைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தன.

அப்புறம்தான் இன்னொன்றும் உறைத்தது. காந்தம் எப்போதும் ஒரே பக்கமா இழுக்கும்? சிலருக்கு ஒன்றே கால் மணி நேரம்கூடக் கிடைத்திருக்கும். அவர்களில் ஒருவர்கூடக் கவுன்ட்டரில் வந்து புகார் சொல்லவில்லை.

பாஸைக் கையோடு கூட்டிவந்தேன்.

"கொஞ்சம் கண்ண மூடிட்டு தொட்டுப் பாருங்க பாஸ்."

"ஆறுக்கிட்ட இருக்கு."

கடிகாரத்தை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். "இப்ப?"

விரலை இரண்டு முறை ஓட்டிப் பார்த்தார். கண்ணைத் திறந்தபோது கதவருகே மோகன் துண்டில் கை துடைத்துக்கொண்டு நின்றார்.

"எல்லா ரூம்லயும் மேட்ட எடுத்துருங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு பாஸ் போய்விட்டார். மோகனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. மேட்டை எல்லாம் சுருட்டி அவர் அறை வாசலிலேயே அடுக்கி வைத்தேன்.

4. திங்கள்கிழமை

வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு நான் சொல்லிவந்தது இதுதான். ஒருவர் வேலையில் தவறு என்றால், அவர் வேலை செய்யும் இடத்துக்குப் போய்ப் பாருங்கள். நாங்கள் மூன்று புகாருக்கும் கவுன்ட்டரில் நின்றே அந்தக் கடிகாரத்தைச் சோதித்தோம். கவுன்ட்டரில் அது என்றைக்குமே சரியாகத்தான் இருந்தது.

மேட்டை எடுத்த பிறகு வந்த திங்கள்கிழமை நான் கடை திறக்க வந்தபோது, வழக்கமாகப் பதினொரு மணிக்கு வரும் பாஸ் எனக்கு முன்னால் வந்து கவுன்ட்டரில் நின்றுகொண்டிருந்தார். மோகன் வந்து, திருகை இழுத்து, உருண்டைகளை ஒன்பதரைக்கு வைத்து, என் குரலுக்காகக் காத்திருந்தார். பாஸ் தன் போனை எடுத்துப் பார்த்தார்.

"இப்போ" என்றார் பாஸ்.

மோகனின் விரல் திருகின் மேல் ஒரு கணம் தயங்கியது. பிறகு உள்ளே தள்ளினார்.

பாஸ் கடிகாரத்தைக் கேட்டு வாங்கித் தன் போனோடு வைத்துப் பார்க்கவில்லை.

"சரியா இருக்கா மோகன்?" என்று அவரிடமே கேட்டார்.