என் வண்டியில் இரண்டு பைலட்டுகள்

காலையில் வண்டியில் ஏறி உட்கார்ந்ததுமே சண்டையை ஆரம்பித்துவிடுவார்கள். ஒருவர் நெட்டை, இங்கிலாந்துக்காரர். இன்னொருவர் தாடி, ஜெர்மனி. இரண்டு பேருமே விமானம் ஓட்டி ஓய்வு பெற்றவர்கள். குளிர்காலம் வந்தால் செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்குப் பின்னால் ஒரு மாடி வீட்டில் பக்கத்துப் பக்கத்து அறை எடுத்துத் தங்குவார்கள். தியானம் பண்ண வந்தவர்கள் என்று பெயர். ஆசிரமத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற நேரத்துக்கெல்லாம் சேர்த்து வைத்து என் ஆட்டோவில் பேசுவார்கள்.

பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் அந்த அரபு நாட்டில் போய்த்தான் முடியும். இரண்டு பேரும் அங்கே சம்பளத்துக்கு விமானம் ஓட்டப் போனவர்கள், சிநேகம் ஆனதும் அங்கேதான். அந்தக் காலத்தில் அந்த நாட்டில் பெண்கள் கார் ஓட்டக் கூடாது. தாடிக்காரரின் பக்கத்து வீட்டில் ஒரு பெண் டாக்டர் இருந்தாராம். அண்ணன் வந்து காரில் ஏற்றிப் போனால்தான் அந்த அம்மாவுக்கு ஆஸ்பத்திரி. கையில் பையோடு வாசலில் காத்துக்கொண்டு நிற்குமாம். பைலட்டுகளை ஏற்றிப் போகிற வேன், பாதி சீட்டு காலியாக, அந்த அம்மாவைத் தாண்டித்தான் தினமும் போகும். ஏற்றிக்கொள்ளவும் கூடாது, அந்நிய ஆண்கள்.

"ஒரு நாள் நாம் வாயைத் திறந்தோமா? வீடு கொடுத்தான், காசு கொடுத்தான் என்று பேசாமல் இருந்தோம்" என்பார் தாடிக்காரர்.

"விருந்தாளியாகப் போன வீட்டில், அடுப்பை இந்தப் பக்கம் திருப்பி வை என்று சொல்வாயா? அது அவர்கள் ஊர். மாற்ற வேண்டியது அவர்கள். மாற்றிவிட்டார்கள் இல்லையா?" என்பார் நெட்டையர்.

"மாற்றச் சொல்லிக் கேட்ட பெண்கள் ஜெயிலுக்குப் போனார்கள். நீயும் நானும் நீச்சல் குளத்துக்குப் போனோம்."

இப்படியே போகும். பிளஸ் டூ வரை படித்த இங்கிலீஷும், வெளிநாட்டுச் சவாரிகளால் வந்த இங்கிலீஷுமாக எனக்கு முக்கால்வாசி புரியும். தாடிக்காரர் சொன்னால் அது சரி என்று தோன்றும். நெட்டையர் சொன்னால் அதுவும் சரி என்று தோன்றும். எனக்கு என்ன, நான் பாட்டுக்குப் பள்ளத்தைப் பார்த்து ஓட்டிக்கொண்டு போவேன்.

என் கதைக்கு அவர்கள் வந்த பிறகுதான் வம்பு.

ஆட்டோ என் வீட்டுக்காரருடையது. ஆசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கிற ஸ்டாண்டில் பல வருஷமாக அவருக்கு ஓர் இடம் உண்டு. ஒரு நாள் முதுகுத் தண்டில் ஏதோ பிசகி, எழுந்திருக்க முடியாமல் படுத்துவிட்டார். வண்டிக் குலுக்கலே இனி ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இவரா கேட்கிற ஆள்? "டாக்டருங்க அப்டிதான் சொல்லுவாங்க. சித்திர வந்தா நான் எழுந்துடுவேன். அதுவரைக்கும் நீ ஓட்டு" என்று அவரே எனக்குக் கற்றுக்கொடுத்தார். கொஞ்சம் உட்கார முடிந்ததும், தெரிந்த பையன் ஒருவனை வண்டியை ஓட்டச் சொல்லி, வலியைப் பொறுத்துக்கொண்டு, வேங்கிக்கால் பக்கம் காலி மனைகள் இருக்கிற இடத்துக்கு ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போய், ஒரு கல்லில் தலையணை போட்டு உட்கார்ந்துகொண்டு, "மெதுவா விடுடி, மெதுவா" என்று கத்திக் கத்திக் கற்றுக்கொடுத்தார். லைசென்ஸ் வாங்கிய அன்றைக்கு எனக்குக் காக்கிச் சட்டை தைக்கக் கொடுத்ததும் அவர்தான். ஊரில் எந்தப் புருஷன் செய்வான் என்று எனக்குப் பெருமையான பெருமை.

சித்திரை வந்தது, போனது. அவர் எழுந்து நடந்தார், ஆனால் வண்டி ஓட்ட உட்கார முடியவில்லை.

நான் ஸ்டாண்டுக்குப் போய் அவர் இடத்தில் நிற்கிறேன் என்று கேட்டேன். அங்கே ஒருவர் விட்டால் அவர் தம்பியோ மகனோ வந்து நிற்பது வழக்கம். பெண்டாட்டி வந்து கேட்டது நான்தான் முதல். ஸ்டாண்டுத் தலைவர் எங்களை விடப் பெரியவர், நல்ல மனுஷன், என் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவர். அவரே தரையைப் பார்த்துக்கொண்டு, "வேணாம்மா. வெளிய சுத்தி ஓட்டிக்கோ. ஸ்டாண்டு வேணாம்" என்றார்.

"இன்னாணா காரணம்? ஒரே ஒரு காரணம் சொல்லு."

"காரணமெல்லாம் கேக்காதம்மா."

அவ்வளவுதான். ஸ்டாண்டு இல்லாத ஆட்டோ என்றால் என்ன என்று ஓட்டியவர்களுக்குத்தான் தெரியும். எங்கே நிறுத்தினாலும் "இங்க நிக்காத, அங்க போ" என்பார்கள். வெயிலில் ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும், பெட்ரோல் எரியும், சவாரி கம்மி. ஸ்டாண்டுக்குப் பக்கத்திலாவது டீக்கடைக்காரர் வீட்டில் கழிப்பறைக்கு விடுவார்கள். நான் பகலெல்லாம் தண்ணீர் குடிக்காமல் ஓட்டினேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஸ்டாண்டுக்காரர்களைத் திட்டித் தீர்ப்பேன். "அவனுங்க கெடக்கறானுங்க, உடு" என்று என் வீட்டுக்காரரும் என்னோடு சேர்ந்து திட்டுவார்.

இந்தக் கதையை ஒரு நாள் ஏதோ எரிச்சலில் பைலட்டுகளிடம் சொல்லித் தொலைத்தேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்ட கதைதான். அன்றிலிருந்து அரபு நாட்டை விட்டுவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டார்கள். பெண்ணுக்கு உரிமை இல்லையா என்று தாடிக்காரர். ஊர் வழக்கம், நாம் தலையிட்டால் அவளுக்குத்தான் கெடுதல் என்று நெட்டையர். ஒரு நாள் பொறுக்க முடியாமல் வண்டியை ஓரம் கட்டிவிட்டுத் திரும்பினேன். "என் வண்டியில் உட்கார்ந்துகொண்டு என்னைப் பற்றி நீங்கள் இரண்டு பேரும் பேசுகிறீர்கள். நான் இங்கேதானே இருக்கிறேன்?" என்று இங்கிலீஷில் கேட்டேன். இரண்டு பேரும் ஸாரி ஸாரி என்றார்கள். முகம் சிவந்துபோனது. பாவமாகிவிட்டது எனக்கு.

ஆனால் தாடிக்காரர் அடங்கவில்லை. அந்த டாக்டரம்மா வாசலில் நின்றதை இந்த வயசிலாவது சரிக்கட்ட வேண்டும் என்று அவருக்கு. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், செங்கம் ரோட்டு காபி ஷாப்புகளில் மேஜை மேஜையாகப் போய், "அந்த ஸ்டாண்டில் ஆட்டோ ஏறாதீர்கள், அங்கே பெண்ணுக்கு இடம் கொடுக்க மாட்டார்கள்" என்று சொல்லிவிட்டார். வெள்ளைக்காரர்கள் ஒருத்தருக்கு ஒருத்தர் சொல்லி, சீசன் நேரத்தில் ஸ்டாண்டு காற்று வாங்கியது.

எனக்கு எப்படித் தெரிந்தது? பள்ளிக்கூட வாசலில் பிள்ளையை அழைக்கப் போனபோது, ஸ்டாண்டு டிரைவர் ஒருவருடைய பெண்டாட்டி என்னைப் பார்த்து, "வாம்மா மகராசி. வெள்ளக்காரன வெச்சி எங்க வயித்துல அடிச்சிட்ட. நல்லா இரு" என்றாள். நான் இடம்தானே கேட்டேன், இன்னொருத்தி வீட்டு அடுப்பை அணைக்கச் சொன்னேனா?

நேரே மாடி வீட்டுக்குப் போனேன். தாடிக்காரரை நிற்க வைத்துக் கத்தினேன். தமிழில் பாதி, இங்கிலீஷில் பாதி. "உங்களுக்கு சீசன் முடிந்தால் விமானம் இருக்கிறது. நான் இந்தத் தெருவில்தான் சாக வேண்டும்" என்றேன். நெட்டையர் பக்கத்தில் நின்றார். நான் அப்போதே சொன்னேனே என்று ஒரு பார்வையாவது பார்ப்பார் என நினைத்தேன், பார்க்கவில்லை. அது பெரிய மனசு.

அன்றைக்கே தாடிக்காரர் காபி ஷாப்புகளுக்கெல்லாம் மறுபடி போய், தான் சொன்னது தப்பு, ஏறுங்கள் என்று சொன்னார். ஸ்டாண்டுக்கும் போய்க் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டார். தலைவர், "சரி சரி, போங்க சாமி" என்று அனுப்பிவிட்டார். பிறகு என்னிடம் வந்து, "உன் வீட்டுக்காரரையும் பார்க்க வேண்டும். ஸ்டாண்டுக்காரர்கள் அவருடைய நண்பர்கள்" என்றார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இரண்டு பேரையும் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனேன். என் வீட்டுக்காரர் கட்டிலில் சாய்ந்திருந்தார். லுங்கி மேலே காக்கிச் சட்டை. வண்டி ஓட்டாவிட்டாலும் காலையில் குளித்ததும் அதைத்தான் போடுவார். பழக்கதோஷம் என்று நான் விட்டுவிட்டேன். தாடிக்காரர் கொஞ்ச நேரம் அந்தச் சட்டையையே பார்த்தார். மன்னிப்புக் கேட்க வந்தவர், அதை விட்டுவிட்டு வேறு எதையோ பேச ஆரம்பித்தார். அவர் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன்.

பைலட்டுகளுக்கு அடிக்கடி உடம்பைச் சோதிப்பார்களாம். ஒரு தடவை இவருடைய இதயத்தில் ஏதோ கோளாறு என்று சொல்லி, ஒரு டாக்டர் ஒரே ஒரு கையெழுத்தில் லைசென்ஸை நிறுத்திவிட்டார். வீட்டுக்கு வந்தார். மறுநாள் எழுந்து ஷேவ் பண்ணி, யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டு ஹாலில் உட்கார்ந்தார். அதற்கு மறுநாளும். மாசக் கணக்கில் அப்படியே. அவர் பெண்டாட்டி ஒன்றும் கேட்கவில்லை. "நான் திரும்பி வருவேன், என் இடத்தை யாருக்கும் கொடுக்காதீர்கள் என்று கம்பெனிக்குச் சொல்லி வைத்திருந்தேன். நல்லவர்கள், கொஞ்ச காலம் கொடுக்காமல் வைத்திருந்தார்கள்" என்றார்.

நான் அதைத் தமிழில் சொல்லி முடித்தேன். என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"அவருகிட்ட சொல்லு. நானும் அப்டிதான் சொல்லி வெச்சிருக்கேன்னு."

"இன்னாயா சொல்ற?"

"தலைவருகிட்ட. எடத்த யாருக்கும் குடுக்காதீங்க, எம் பொண்டாட்டி வந்து கேட்டாலும் குடுக்காதீங்க, நான் வந்துடுவேன்னு. அவகிட்டயும் சொல்லாதீங்கன்னேன். சொல்லு அவருகிட்ட."

தாடிக்காரர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு யார் சொல்வது? நான்தான் சொன்னேன். ஒவ்வொரு வார்த்தையாக, என் புருஷன் எனக்கு இடம் கொடுக்க வேண்டாம் என்று சொன்னதை, நானே இங்கிலீஷில் சொன்னேன். சொல்லி முடித்ததும் அடுப்படிக்குள் போய்விட்டேன்.

எனக்கு வந்த கோபத்துக்கு டீ போட்ட பாத்திரத்தை அவர் தலையிலேயே கவிழ்த்திருக்க வேண்டும். வெயிலில் நாயாய் அலைந்தேன். ஊரார் வாயில் விழுந்தேன். அத்தனை நாளும் என்னோடு உட்கார்ந்து அவர்களைத் திட்டினாரே, இந்த மனுஷன்! அந்த ஸ்டாண்டுக்காரர்கள் வயிறு காய்ந்தபோதுகூட இவர் பெயரை வெளியில் விடவில்லையே! அழுகை வந்தது. அழுதுகொண்டே சர்க்கரை போட்டேன். அந்தக் காக்கிச் சட்டையைத் தினமும் துவைத்துக் காயப்போட்டவள் நான், எனக்குத் தெரியாமல் போயிற்றே என்றும் அழுதேன்.

பைலட்டுகளைத் திருப்பி விடப் போகும்போது இரண்டு பேரும் பேசவில்லை. இறங்குகிற இடம் வந்ததும் தாடிக்காரர், "அந்த டாக்டரைத் தினமும் கூட்டிப்போன அண்ணனிடம் நான் ஒரு நாளும் பேசியதில்லை" என்றார். "நானும்தான்" என்றார் நெட்டையர். என்னிடம் கும்பிட்டுவிட்டுப் படியேறினார்கள்.

அன்று முழுக்க நான் என் வீட்டுக்காரரோடு பேசவில்லை. சோறு போட்டேன், பேசவில்லை.

மறுநாள் காலையில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு மெல்லப் பின்சீட்டில் ஏறினார். "ஸ்டாண்டுக்குப் போ" என்றார்.

குலுங்குமே என்று கையை ஆட்டிக் காட்டினேன்.

"போன்னா போ."

ஊர்ந்து ஊர்ந்துதான் போனேன். அப்படியும் ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவர் மூச்சைப் பிடிப்பது கேட்டது. அந்த வலியிலும் வாய் சும்மா இல்லை. "பஸ் வருது பாரு. கிளட்ச்ச ஏன் மிதிச்சிக்கினே இருக்க?" ஆட்டோவுக்குக் கிளட்ச் கையில் என்பதுகூட அவருக்கு அந்த நேரத்தில் மறந்துவிட்டது. "நீ ஓட்டறியா, நான் ஓட்டறேனா?" என்றேன். ஒரு பகல், ஓர் இராத்திரிக்குப் பிறகு நான் பேசிய முதல் பேச்சு அதுதான்.

ஸ்டாண்டில் எல்லா வண்டியும் நின்றிருந்தது. இவரைப் பார்த்ததும் தலைவர் டீ கிளாஸை வைத்துவிட்டு ஓடி வந்தார். "ஏன்டா எழுந்து வந்த? சொல்லி அனுப்பினா நாங்க வரமாட்டோமா?"

என் வீட்டுக்காரர் இறங்கி, வண்டி மேலே கை வைத்துக்கொண்டு நின்றார். எல்லோரும் சுற்றி வந்துவிட்டார்கள். "நான் இனிமே வரமாட்டேன்ணா" என்றார்.

டாக்டர் சொன்னது, நான் சொன்னது, என் மாமியார் சாமி மேல் சத்தியம் வைத்துச் சொன்னது, எதற்கும் அவர் வாயிலிருந்து வராத சொல் அது. இரண்டாம் தடவை இன்னும் சத்தமாகச் சொன்னார். "வண்டி ஓட்ட வரமாட்டேன். என் எடத்த இவளுக்குக் குடுத்துடுங்க."

தலைவர் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். "கடைசியில போய் நில்லும்மா. பின்னாடி வந்தவங்க பின்னாடிதான். யாரா இருந்தாலும் அதான் இங்க சட்டம்."

வண்டியைத் திருப்பிக் கொண்டுபோய்க் கடைசியில் நிறுத்தினேன். இந்த இடத்துக்காக எத்தனை பேரோடு மல்லுக்கட்டினேன்! கிடைத்ததும் சந்தோஷம் வரும் என்று இருந்தேன். ஹேண்டில்பாரில் தலையை வைத்துக்கொண்டு, நாலு பேர் பார்க்கிறார்களே என்றுகூட இல்லாமல் ஓவென்று அழுதேன். அவருக்கு நாற்காலி கொண்டுவந்து போடுகிற சத்தம் கேட்டது. முதல் வண்டி சவாரி ஏற்றிக்கொண்டு கிளம்புகிற சத்தமும் கேட்டது.

"ஏய், இன்னா அங்க ஒக்காந்துக்கினு இருக்க? வரிச நகருது பாரு, முன்னாடி வா" என்று கத்தியவர் என் வீட்டுக்காரர்தான்.