உப்புத்தாளும் சுண்டெலியின் கட்டைவிரலும்

நான் சொல்லப்போவது சத்தியமாக நடந்த கதை. என் சொந்த அண்ணன் மகளுக்கு நடந்தது. பக்கத்தில் இருந்து இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

சத்தியம் என்று வாயைத் திறந்துவிட்டேன். இப்போது அதைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறேன். மரச்சாமான்களுக்குப் பாலிஷ் போடுவது என் தொழில். மரம் யாருடையதோ, பளபளப்பு மட்டும்தான் என்னுடையது. கதையிலும் அப்படித்தான். எங்கே ரொம்ப மின்னுகிறதோ அங்கே நான் ஒரு கோட்டிங் கூடுதலாகப் போட்டிருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் மரம் நிஜம்.

பட்டறையில் தேநீர் குடிக்கும் நேரத்தில்தான் இதைச் சொன்னேன். கேட்க உட்கார்ந்தவர்கள் மூன்று பேர். ஸ்பிரே அடிப்பவர் ஒருவர், தும்மினால்கூட வார்னிஷ் வாசம் வரும். நாற்காலிக்குப் பிரம்பு பின்னுகிற அக்கா ஒருத்தர். அப்புறம் எங்கள் தச்சர். என் அண்ணனும் இருந்தார், ஆனால் கேட்கவில்லை. அதாவது கேட்காததுபோல முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு நாற்காலிக் காலை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் அப்போதுதான் கடைசிக் கோட்டிங் அடித்த பெரிய சாப்பாட்டு மேஜை ஈரமாக நின்றது. அதில் ஒரு ஈ உட்கார்ந்திருந்தால் ஸ்பிரேக்காரர் அந்த ஈயின் வம்சத்தையே அழித்திருப்பார்.

அண்ணன் மகளுக்கு நான் வைத்த பெயர் சுண்டெலி. பிறந்தபோது என் ஒரு உள்ளங்கையில் அடங்கினாள். இப்போதும் பெரிதாக ஒன்றும் வளர்ந்துவிடவில்லை. ஆனால் வேகம் இருக்கிறதே, அவள் மாடிப்படி இறங்கினால் நிழல் இரண்டு படி பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வரும்.

பள்ளிக்கூடம் முடித்ததும் ஒரு போன் கடையில் சேர்ந்தாள். போன் மேல் கண்ணாடி ஒட்டுகிற வேலை. ஒட்டியதும் விரல் நன்றாக ஓடுகிறதா என்று பார்க்க ஏதாவது ஒரு விளையாட்டைத் திறந்து ஆடிப் பார்ப்பாள். அப்படிப் பார்த்துப் பார்த்தே, துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் சுண்டெலி என்ற அதே பெயரில் ஊரையே சுட்டுத் தள்ளிவிட்டாள். ஒரு கம்பெனிக்காரன் கூப்பிட்டு, நாலு பேர் அணியில் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டான். அண்ணி நம்பவே இல்லை.

"விளையாடுறதுக்கு எவன்டி சம்பளம் கொடுப்பான்?"

"கொடுக்கிறாங்கம்மா."

"எங்க அம்மா என்னை விளையாடினதுக்கு அடிச்சாங்க. நீ சம்பளம் வாங்குற. நல்லா இருக்கு உலகம்."

அணியின் தலைவன் பெயர் கொம்பன். பெயரைக் கேட்டு யானை என்று நினைக்காதீர்கள், ஆள் அகப்பைக் காம்பு. குரல்தான் யானை. காதில் மாட்டுகிற கருவியில் அவன் கத்தினால் எங்கள் வீட்டுத் தண்ணீர்க் குடத்தில் அலை அடிக்கும். ஐந்தாவதாகப் பஞ்சு என்று ஒருவன் உண்டு. யாருக்காவது முடியாமல் போனால் உட்காருகிற மாற்று ஆள். தட்டினால் தாமதமாகத்தான் சுடுவான். எதிரி அதற்குள் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்துவிடலாம்.

இந்த அணி உள்ளூர்ப் போட்டியில் ஜெயித்தது. வெளிநாட்டில் நடக்கிற பெரிய போட்டிக்கு இடம் கிடைத்தது. கம்பெனி ஒரு வார்த்தை தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்த மேடையில் உட்காருகிற நாலு பேருக்குத்தான் அடுத்த வருஷமும் வேலை. உட்காரவில்லை என்றால் சுண்டெலி மறுபடியும் போன் கடையில் கண்ணாடி ஒட்டலாம்.

போக வேண்டும் என்றால் விசா வேண்டும். விசாவுக்குக் கைரேகை வைக்க வேண்டும். கதை இங்கேதான் மாட்டிக்கொள்கிறது.

கண்ணாடி ஒட்டிய கை அல்லவா, எது வழுக்கும், எது இழுக்கும் என்று அவளுக்குத் தெரியும். கட்டைவிரலில் இருக்கிற ரேகையும் வியர்வையும் சேர்ந்து கண்ணாடியில் விரலைப் பிடித்து இழுக்கிறது என்று கண்டுபிடித்தாள். அப்பா மேல்சட்டைப் பையில் எப்போதும் உப்புத்தாள் இருக்கும், நாங்கள் கடைசிக் கோட்டிங்குக்கு முன்னால் தேய்க்கிற ரொம்ப மெல்லிய ரகம். அதில் ஒரு துண்டு கிழித்து, ஆட்டத்துக்கு முன்னால் இரண்டு கட்டைவிரலையும் தேய்ப்பாள். மேஜைக்குத் தேய்ப்பதுபோலவே, அதே பக்குவத்தில். விரல் கண்ணாடியில் பனிக்கட்டி மாதிரி ஓடும். தேய்த்துத் தேய்த்து கட்டைவிரல் இரண்டும் உரித்த முட்டை ஆகிவிட்டது. ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழும்.

"இது உன் கோட்டிங்தானே?" என்றார் தச்சர்.

"ஈ மட்டும் என்னுது. முட்டை நிஜம்."

விசா மையத்துக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். வாசலிலேயே போனை வாங்கிப் பெட்டியில் பூட்டிவிட்டார்கள். போன் இல்லாத சுண்டெலியின் கை, தண்ணீரில் இருந்து எடுத்துப்போட்ட மீன் மாதிரி மடியில் துடித்தது. என்னை உள்ளே விடவில்லை, கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நிறுத்திவிட்டார்கள். அதனால் உள்ளே நடந்ததை அவள் சொன்னபடியே சொல்கிறேன். அதாவது பொய் குறைவு.

எட்டு விரலுக்கும் பச்சை விளக்கு எரிந்தது. கட்டைவிரல் வைத்ததும் சிவப்பு. துடைத்து வைத்தாள், சிவப்பு. கவுண்டரில் இருந்த அம்மா ஈரத்துணி கொடுத்தார், அப்புறம் ஏதோ களிம்பு கொடுத்தார். சிவப்புதான்.

"நல்லா அழுத்துங்கம்மா."

"அழுத்துறேன் மேடம்."

"இன்னும்."

"இன்னும் அழுத்தினா விரல் அந்தப் பக்கமா வந்துடும் மேடம்."

அந்த அம்மா விரலைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "என்னம்மா, ஒண்ணுமே இல்ல? என்ன வேலை பார்க்கிறீங்க?"

"விளையாடுறேன்."

"வேலையைக் கேட்டேன்."

"அதான் வேலை."

"போன்ல ஆடுறதுதானே? அதுக்கு எதுக்கு அவ்வளவு தூரம் போகணும்? வீட்டிலிருந்தே ஆடலாமே."

"எல்லாரையும் ஒரே மேடையில உட்கார வெச்சு ஆட விடுவாங்க மேடம். வீட்ல இருந்து ஆடினா எவன் திருட்டு ஆட்டம் ஆடுறான்னு தெரியாது."

அந்த அம்மா கெட்டவர் இல்லை. தோல் வளர்ந்த பிறகு வாருங்கள் என்று இன்னொரு தேதி கொடுத்தார். அது அணி கிளம்புவதற்குக் கொஞ்சம் முன்னால் வருகிற தேதி. வேறு தேதி இல்லை. அதுவரைக்கும் கட்டைவிரலை எதிலும் தேய்க்கக் கூடாது.

நல்ல யோசனைதான், ஆனால் கம்பெனி தினமும் பயிற்சி ஆட்டம் வைக்கிறது. ஆடாதவர் இடத்தில் பஞ்சு உட்காருவான். ஆட வேண்டும் என்றால் விரல் வழுக்க வேண்டும். வழுக்கினால் மெஷினில் சிவப்பு. ரேகை வளர்ந்தால் மெஷினில் பச்சை, ஆட்டத்தில் சாவு. கொம்பனுக்கு ஒரு விரல் வேண்டும், சர்க்காருக்கு ஒரு விரல் வேண்டும், அவளிடம் இருப்பதோ ஒரே ஜோடி.

"விரலுக்கு உறை விக்கிறாங்களே, மாட்டிக்கிட்டு ஆட வேண்டியதுதானே?" என்று கேட்டார் பிரம்பு அக்கா.

நானும் கேட்டேன். அதற்கு அவள் சொன்னாள்: "கம்பளி போர்த்திக்கிட்டுக் குளிக்கச் சொல்றியா சித்தப்பா?"

அண்ணி இரண்டு கட்டைவிரலுக்கும் எண்ணெய் தடவித் துணி சுற்றிவிட்டார். எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில்தான் அண்ணன் வீடு, இரண்டு அறை. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்துச் சுவர் நேராக மூஞ்சியில் மோதும். அந்த ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்து, போனை மேஜையில் படுக்கவைத்து, சுட்டுவிரலால் ஆடினாள். இடது கையால் சாப்பிடச் சொன்ன மாதிரி. முதல் ஆளாகச் சுட்டவள் முதல் ஆளாகச் செத்தாள். கொம்பன் கத்தினான். "சுண்டெலி, ஆடுறியா, மேஜை துடைக்கிறியா?" அந்தப் பக்கம் பஞ்சு சிரித்தது அண்ணிக்கே கேட்டது.

ஒருநாள் அவள் அப்பாவின் மேல்சட்டைப் பையில் கையை விட்டாள். அண்ணன் பிடித்துவிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். தன் கட்டைவிரலை அவள் விரலுக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். பாலிஷ் வேலையில் தேய்ந்த விரல், அதிலும் ரேகை இல்லை.

"எனக்குப் போனது சோத்துக்காகப் போச்சு. உனக்கு எதுக்குடி?"

"எனக்கும் சோத்துக்குத்தான்ப்பா."

அண்ணன் சட்டைப் பையை அழுத்தி மூடிக்கொண்டார். நேராகப் பட்டறைக்கு வந்தார். "அவ வந்து கேட்டா எவனாவது ஒரு துண்டு தாள் கொடுத்தீங்க, அந்தத் தாளாலேயே உங்க மூக்கைத் தேய்ச்சு எடுத்துடுவேன்" என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டுப் போனார்.

இந்த இடத்தில் அண்ணனின் முதுகைப் பார்த்தேன். தேய்ப்பது கொஞ்சம் மெதுவானது.

ரேகை வைக்கிற தேதிக்கு முந்தின நாள் கம்பெனி ஒரு சோதனை ஆட்டம் வைத்தது. சுண்டெலியா பஞ்சுவா என்று அன்றைக்கு முடிவு. துணியை அவிழ்த்துப் பார்த்தாள். ரேகை லேசாக எட்டிப் பார்த்தது, வெயிலுக்குப் பயந்த புல் மாதிரி. தேய்த்தால் மெஷின் போச்சு. தேய்க்காவிட்டால் நாற்காலி போச்சு. எலிப்பொறிக்கு இரண்டு வாசல், இரண்டிலும் கம்பி.

அவள் என்ன செய்தாள் தெரியுமா? இடது கட்டைவிரல் ஆளை நடக்கவைக்கிற விரல். வலது, சுடுகிற விரல். இடதை அப்படியே விட்டுவிட்டு வலதை மட்டும் தேய்த்தாள். எங்கிருந்தோ ஒரு துண்டு உப்புத்தாள் அவளுக்குக் கிடைத்திருக்கிறது.

நடை கொஞ்சம் நொண்டியது, ஆனால் குறி தப்பவில்லை. அன்று அவள் ஆடிய ஆட்டத்தில் பஞ்சு மூன்று தடவை செத்தான். நாலாவது தடவை பயத்திலேயே செத்தான். நாற்காலி அவளுக்குத்தான்.

மறுநாள் மெஷினில் இடது கட்டைவிரலுக்குப் பச்சை, வலதுக்குச் சிவப்பு. அதே அம்மாதான். தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஒண்ணு வளர்ந்திருக்கு, ஒண்ணு வளரலையா? எப்படிம்மா?"

சுண்டெலி வலது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"நான் முடிவு பண்ண முடியாது. மேல அனுப்புறேன். பாஸ்போர்ட் இங்கேயே இருக்கட்டும்."

பாஸ்போர்ட் உள்ளே மாட்டியது, அவள் வெளியே மாட்டினாள். பெட்டி கட்டி வாசல் பக்கம் வைத்தார்கள். போகவும் வரவும் எல்லாரும் அதில் முட்டிக்கொண்டோம், யாரும் நகர்த்தவில்லை. போன் சத்தம் வந்தால் மூன்று பேரும் ஒன்றாக எழுந்து ஒன்றாக உட்காருவார்கள். பாஸ்போர்ட் வரவில்லை. அணி கிளம்புகிற நாள் வந்தது. பஞ்சுவின் கட்டைவிரலில் ரேகை உழுத வயல் மாதிரி இருக்கும், அதனால்தான் அவன் விரல் கண்ணாடியில் ஓடாது. அவனுக்கு முதல் அழுத்திலேயே பச்சை விழுந்து எப்போதோ விசா வந்துவிட்டது. ஆட்டம் தெரிந்தவளுக்கு ரேகை இல்லை, ரேகை இருந்தவனுக்கு ஆட்டம் இல்லை. விமானம் ரேகையைத்தான் ஏற்றிக்கொண்டு போனது.

முதல் சுற்றிலேயே தோற்றார்கள். சுண்டெலி அதை எங்கள் வீட்டில் உட்கார்ந்து போனில் பார்த்தாள். பஞ்சு ஒரு கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். "சுடுடா, சுடுடா" என்றாள். கட்டைவிரல் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அவள் இருந்திருந்தால் ஜெயித்திருப்பார்களா, தெரியாது. நான் பொய் சொல்கிறவன்தான், ஆனால் அதில் சொல்ல மாட்டேன்.

போட்டியின் கடைசி ஆட்டம் முடிந்த மறுநாள் பாஸ்போர்ட் வந்தது. உள்ளே விசா. ஸ்டிக்கர் அவ்வளவு அழகு, எங்கள் பட்டறையில்கூட அப்படி ஒரு பளபளப்பு வராது.

கம்பெனி கணக்கை முடிக்கப் பார்த்தது. கொம்பன்தான் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, ஒரே ஒரு தவணை வாங்கிக்கொடுத்தான். அடுத்த போட்டி வேறு ஒரு நாட்டில். அதற்கு அவள் விசா வாங்கி வந்து மேடையில் உட்கார்ந்தால் வேலை உண்டு. அந்த நாட்டுக்காரனும் கைரேகைதான் கேட்கிறான். பயிற்சி ஆட்டம் தினமும் இருக்கிறது. பஞ்சுவும் இருக்கிறான். அதே ஜன்னல், அதே சுவர், அதே துணி சுற்றிய கட்டைவிரல்.

"இன்னிக்குக் காலையில நான் கிளம்பும்போது படிக்கட்டில பிடிச்சுக்கிட்டா" என்று முடித்தேன். "'சித்தப்பா, ஒரே ஒரு துண்டு கொண்டு வா'ன்னு கேட்டா. நான் என்ன செய்ய, சொல்லுங்க?"

"கொடுக்காதே!" என்றார் பிரம்பு அக்கா. "முதல்ல விரல் வளரட்டும். போன தடவை பட்டது போதாதா?"

"வளர்றதுக்குள்ள பஞ்சு நாற்காலியில வேர் விட்டுடுவான்" என்றார் ஸ்பிரேக்காரர். "உனக்கு என்ன தெரியும்? அன்னிக்கு நான் மட்டும் அந்தத் துண்டைக் கொடுக்கலன்னா..."

நாக்கைக் கடித்துக்கொண்டார். மூலையில் தேய்க்கிற சத்தம் நின்றது. அண்ணன் திரும்பினார்.

"நீதானா?"

"அண்ணே, அந்தப் புள்ள அழுதுச்சுண்ணே..."

"உன்னாலதான்டா அவ பாஸ்போர்ட் உள்ளே போய் மாட்டுச்சு!"

"என்னாலதான் அவளுக்கு இன்னும் வேலை இருக்கு! சும்மா துணியைச் சுத்திப் பொண்ணை ஜெயில்ல வெச்ச மாதிரி வெச்சிருந்தது யாரு?"

"சொல்லுவடா, சொல்லுவ! பெத்தவனுக்குத்தான் தெரியும்!" என்று அண்ணன் ஓங்கிப் பக்கத்தில் இருந்த மேஜையில் அறைந்தார்.

ஈரமான மேஜை. கையை எடுத்தார். வார்னிஷில் ஐந்து விரலும் அச்சாக விழுந்திருந்தன, ஒரு கோடுகூட இல்லாமல், வழவழவென்று.

"ஐயோ என் மேஜை!" என்று ஸ்பிரேக்காரர் பாய்ந்தார். தச்சர் குறுக்கே விழுந்து, "யோவ், சாயங்காலம் டெலிவரிய்யா! தேய்ச்சு மறுபடி அடி, அந்த உப்புத்தாளை எடு!" என்று கத்தினார். "எவனாவது அதைத் தொட்டீங்க, கையை ஒடிச்சிடுவேன்!" என்று அண்ணன் தாள் கட்டை அப்படியே மார்போடு அணைத்துக்கொண்டார். "மேஜைக்குக் கேக்கிறாங்கப்பா, உன் பொண்ணுக்கு இல்ல!" என்று பிரம்பு அக்கா ஒரு முனையைப் பிடித்து இழுக்க, ஸ்பிரேக்காரர் இன்னொரு முனையைப் பிடித்து இழுக்க, நான் தேநீர் டம்ளரைத் தூக்கிக்கொண்டு மேஜைக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டேன்.