கழுதைக் கதையில் கிடைத்த சொல்

மலேசியாவின் பாடாங் செராயில் பெரியவர்களுக்கு ஞாயிறுதோறும் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். புரியாத சொல் வந்தால் அகராதியில் தேடாமல், முன்னும் பின்னும் உள்ள வரிகளைப் படிக்கச் சொல்வேன். ஒருநாள், கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் அக்கா ஒருவர் கழுதைக் கதையில் 'ஸ்டபர்ன்' என்ற சொல்லில் நின்றுவிட்டார். கதையில் கழுதைக்காரன் இழுக்கிறான், தள்ளுகிறான். மூட்டை சுமந்த கழுதை நகரவில்லை. அந்த வரிகளை மீண்டும் படித்த அக்கா சிரித்தார்.

"பிடிவாதம்தானே டீச்சர்? எங்க வீட்டுக்காரரு மாதிரி லா. எத்தன தடவ கூப்பிட்டாலும் கிளாசுக்கு வர மாட்டேங்கிறாரு."

அடுத்த வாரம் அவர் கணவரும் வந்தார். "என்னைய ஸ்டபர்ன்னு சொல்றா டீச்சர். அந்தக் கதைய நானும் படிக்கணும்," என்றார். விரல் வைத்து மெல்லப் படித்து முடித்தார்.

"மூட்டை ரொம்ப பாரம். அதான் நகரல," என்று கழுதைக்காகப் பேசினார். அக்கா புத்தகத்தில் அடுத்த கதை இருந்த பக்கத்தை அவருக்காகத் திருப்பி வைத்தார்.