உடம்போடு ஒட்டாத புடவை

ஆர்கன்சா துணியைக் கண்டுபிடித்தவர் அதில் ஒரு புடவையை ஒரு நாளாவது கட்டிப் பார்த்திருக்க மாட்டார். கட்டியிருந்தால் அன்றைக்கே அந்த வேலையை விட்டிருப்பார். மெல்லிசாக, உள்ளே இருப்பது தெரியும்படி இருக்கும். ஆனால் விறைப்பு மட்டும் போகாது. அழுத்திவிட்டுக் கையை எடுத்தால் மறுபடி எழுந்து நிற்கும்.

விழுப்புரத்தில் என் வீட்டுக்காரரின் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரி ஆர்கன்சா என்று என் ஓரகத்தி முடிவு செய்து, ஆன்லைனில் வரவழைத்தும் விட்டாள். எனக்கு வேண்டாம் என்றேன்.

"எல்லாரும் ஒண்ணா கட்டிக்கினு நிக்கசொல்ல நீ மட்டும் தனியா தெரிவக்கா" என்றாள்.

தனியாகத் தெரிவது எனக்கு என்ன புதிதா? கல்யாணமாகி ஆறு வருடமாகக் குழந்தை இல்லாதவள் எந்த விசேஷத்துக்குப் போனாலும் தனியாகத்தான் தெரிகிறாள்.

அன்று காலை திண்டிவனத்து வீட்டில் என் வீட்டுக்காரர் தரையில் உட்கார்ந்து கொசுவத்தை இழுத்துப் பிடித்தார். நான் ஊக்கு ஊக்காகக் குத்தினேன். இஸ்திரியும் போட்டுப் பார்த்தோம். கோழியைக் கவிழ்க்கும் கூடை மாதிரி அது வயிற்றுக்கு முன்னால் உப்பிக்கொண்டே நின்றது. "பேஜாரு புடிச்ச பொடவடி இது" என்று அவர் எழுந்துவிட்டார். வேறு மாற்ற நேரமில்லை.

மண்டபத்து வாசலிலேயே ஆரம்பித்தது. பெரியம்மா முறை ஒருத்தர் என் முகத்தைப் பார்க்கவில்லை, வயிற்றைத்தான் பார்த்தார்.

"சொல்லவே இல்ல பாரேன். எத்தினி மாசம்?"

"இல்லைங்க பெரியம்மா. பொடவ அப்பிடி நிக்குது."

அவர் நம்பவில்லை. கண் பட்டுவிடும் என்று மறைக்கிறேன் என நினைத்துக்கொண்டு என் கையை அழுத்திவிட்டுப் போனார். பந்தியில் எனக்கு மட்டும் இன்னொரு இனிப்பு விழுந்தது. நாற்காலியை நகர்த்தப் போனால், தூக்காதே என்று ஒருத்தி ஓடி வந்தாள். ஒவ்வொருவரிடமும் புடவை, புடவை என்று சொல்லி எனக்கு வாய் வலித்தது. ஓரகத்திக்கும் அதே புடவை, அதே உப்பல். அவளை யாரும் கேட்கவில்லை. அவளுடைய இரண்டு பிள்ளைகளும் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தன.

இதையெல்லாம்கூடப் பொறுத்திருப்பேன். யாரோ போய் என் மாமியாரிடம் சொல்லிவிட்டார்கள். அவர் மேடையிலிருந்து இறங்கி வேகமாக வந்தார். நேராக என் வயிற்றைப் பார்த்தார். அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அதற்கு முன் நான் கண்டதில்லை.

"பொடவைங்க அத்தே" என்றேன்.

"அதான பாத்தேன்" என்று சொல்லித் திரும்பிப் போனார்.

அதற்குமேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. தலைவலி என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு, அவரைப் பந்தி வேலைக்கு விட்டுவிட்டு, தனியாகப் பஸ் ஏறினேன். முகூர்த்த நாள் கூட்டம். கம்பியைப் பிடித்துக்கொண்டு, வீட்டுக்குப் போனதும் இந்தப் புடவையைக் கிழித்துப் போடுவது என்று முடிவு செய்தேன்.

ஜன்னலோரம் இருந்த முன்பின் தெரியாத அம்மா ஒருவர் எழுந்தார்.

"ஒக்காரும்மா. வயித்துப் புள்ளயோட நின்னுக்கினு வர்றியே."

காலையிலிருந்து சொன்ன அதே பதிலைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் நகர்ந்து இடம் விட்டார். உட்கார்ந்துவிட்டேன்.

"எத்தினி மாசம்?"

"அஞ்சு" என்றேன்.

அவர் அடுத்த கேள்வி கேட்கவில்லை. பையிலிருந்து அவித்த மல்லாட்டையை ஒரு கை அள்ளி என் மடியில் போட்டு, "துன்னு, வெறும் வயித்தோட இருக்காத" என்றார். விக்கிரவாண்டி தாண்டும்வரை கடலையை உரித்துத் தின்றுகொண்டே வந்தேன். புடவை முன்னால் உப்பித்தான் இருந்தது. நான் அதை அழுத்திவிடவில்லை.

திண்டிவனத்தில் நான் எழுந்ததும் அவர் கண்டக்டரைப் பார்த்து, "மாசமா இருக்குது, நல்லா நிறுத்தி எறக்குப்பா" என்றார். பிறகு என்னிடம், "பாத்து எறங்கும்மா."

ஒரு கையால் கம்பியைப் பிடித்து, இன்னொரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டு, பார்த்துத்தான் இறங்கினேன்.