பாய்மர உச்சியில் சிக்கிய கயிறு

நீச்சல் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியும் என்றேன். கடலைப் பார்த்திருக்கிறாயா என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. மதுரையில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். பாய்மரப் படகோட்டும் பயிற்சிக்கு மாணவிகளும் விண்ணப்பிக்கலாம் என்று அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. எங்கள் விடுதியில் பாதிப் பேருக்கு நீச்சல் தெரியாது. நான் போடிநாயக்கனூரில் எங்கள் தோட்டத்துக் கிணற்றில் தலைகீழாகக் குதித்து வளர்ந்தவள். உப்புத் தண்ணீர் உடம்பைத் தானே தூக்கிக்கொடுக்கும் என்பது தூத்துக்குடியில் முதல் நாளே தெரிந்துவிட்டது. மற்றவர்கள் நீச்சல் தேர்வுக்குப் பயந்துகொண்டிருந்தபோது நான் மல்லாந்து மிதந்துகொண்டிருந்தேன்.

இரண்டு விடுமுறைகள் துறைமுகத்துக்குள்ளேயே சிறுபடகில் பழகினோம். கவிழ்ந்த படகை நிமிர்த்துவது, கண்ணை மூடிக்கொண்டு முடிச்சுப் போடுவது, காற்று எங்கிருந்து வருகிறது என்பதைக் கன்னத்தால் அறிவது. எனக்கு இதெல்லாம் சீக்கிரம் வந்தது. அதனால் நீண்ட பயணத்துக்கு ஆள் எடுத்தபோது என் பெயரும் பட்டியலில் இருந்தது. தூத்துக்குடியிலிருந்து கன்னியாகுமரியைச் சுற்றிக் கொச்சி வரை எட்டு நாள். பாதி வழியில் கரை கண்ணுக்குத் தெரியாது. வீட்டில் கையெழுத்து வாங்கி வரச் சொன்னார்கள்.

தாளோடு போடிக்கு வந்தேன். அம்மா முழுவதையும் கேட்டுவிட்டுச் சோற்றை என் தட்டில் வைத்தாள்.

“கெணத்துக்கு நாலு பக்கமும் கரை இருக்கு. கடலுக்கு எங்க இருக்கு?”

குரங்கணிக்கு மேலே இருந்த எங்கள் ஏலத்தோட்டத்திலிருந்து அப்பா அன்றுதான் இறங்கி வந்திருந்தார். அவர் வேறு மாதிரிக் கேட்டார். என்ன சாப்பிடுவீர்கள், எத்தனை பேர் போகிறீர்கள், காற்று எதிரே அடித்தால் என்ன செய்வீர்கள். எதிர்க்காற்றில் படகு நேராகப் போகாது, கொஞ்சம் இடப்பக்கம், பிறகு கொஞ்சம் வலப்பக்கம் என்று திருப்பித் திருப்பித்தான் முன்னேற வேண்டும் என்று துண்டைத் தரையில் மடித்துக் காட்டினேன்.

“நம்ம மெட்டு ரோடு மாதிரி” என்றார். “நேரா ஏற முடியலன்னுதான வளைச்சு வளைச்சு போட்டிருக்கான்.” பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். போடிமெட்டு ஜீப்பில் ஒரு நாளும் வாந்தி எடுக்காத பிள்ளைக்குக் கடலில் என்ன ஆகிவிடும் என்று அம்மாவுக்குச் சமாதானமும் சொன்னார். அம்மா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

தை மாத வாடைக்காற்றில் கிளம்பினோம். பயிற்சிக்கு எட்டுப் பேர், அதில் பெண்கள் மூவர். பயிற்றுநர்கள் இருவர். மூத்தவர் தூத்துக்குடிக்காரர், ஐம்பதைத் தாண்டிய கனத்த மனிதர். இளையவர் அவருக்கு உதவி. முதல் நாள் எட்டில் ஆறு பேர் படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தே கிடந்தார்கள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆடுகிற மண்ணெண்ணெய் அடுப்பில் கஞ்சி வைத்து அவர்களுக்கெல்லாம் ஊற்றினேன். கொஞ்சம் கர்வமாகத்தான் இருந்தது.

நான்கு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் ஓய்வு. காம்பஸையே முறைத்துக்கொண்டிருந்தால் படகு பாம்பு போல நெளியும். முள் காட்டும் திசையில் ஒரு மேகத்தைப் பிடித்துக்கொண்டு அதை நோக்கிச் சுக்கானைத் திருப்ப வேண்டும். முன்முனையிலிருந்து ஒரு மரத்துண்டைத் தண்ணீரில் போட்டு, அது பின்முனையைக் கடக்க எத்தனை விநாடி என்று எண்ணி வேகத்தைக் கணக்கிடுவோம். மணிக்கொரு முறை வரைபடத்தில் பென்சில் புள்ளி வைப்போம். என் புள்ளிகள் சின்னதாக, திருத்தமாக இருக்கும் என்பதால் மற்றவர்களின் முறையிலும் என்னைக் கூப்பிடுவார்கள்.

மூன்றாம் நாள் பிற்பகல் கன்னியாகுமரிக்குத் தெற்கே இருந்தோம். காற்று பலத்துக்கொண்டே வந்தது. வடகிழக்கில் கடலும் வானமும் சேருமிடம் கறுத்தது. பெரிய பாயை இறக்கச் சொன்னார் மூத்தவர். பாய் ஒரு முழம் இறங்கி நின்றுவிட்டது. இழுத்தால் ஏறவும் இல்லை, விட்டால் இறங்கவும் இல்லை. உச்சியில் கயிறு கப்பியின் சக்கரத்தை விட்டு நழுவி இடுக்கில் சிக்கியிருந்தது.

யாராவது மேலே போக வேண்டும். வழக்கமாக இளையவர்தான் போவார். அன்று காலை கைநழுவி ஓடிய கயிறு அவருடைய உள்ளங்கைத் தோலை உரித்திருந்தது. நான் போகிறேன் என்றேன்.

மூத்தவர் என்னைப் பார்த்தார். “மரம் ஏறுத பழக்கம் உண்டா பிள்ள?”

“மெளகு பறிக்க ஏறுவேன்.”

உண்மைதான். எங்கள் தோட்டத்தில் மிளகுக்கொடி உயரமான மரங்களில் படர்ந்திருக்கும். ஒற்றை மூங்கிலில் கணுக்களை விட்டுச் செய்த ஏணியில் ஆட்கள் ஏறிப் பறிப்பார்கள். அம்மாவின் திட்டையும் மீறிப் பன்னிரண்டு வயதிலிருந்து நானும் ஏறுவேன்.

படகின் முகத்தைக் காற்றுக்கு நேரே திருப்பினார்கள். முன்பாயை இறக்கி, அதன் கயிற்றில் பலகையைக் கட்டி என்னை உட்காரவைத்து நாலு பேர் இழுத்தார்கள். நான் பாய்மரத்தைக் கட்டிக்கொண்டு மேலே போனேன். நாற்பதடி இருக்கும். மரத்தில் ஏறும்போது மரம் நம்மைத் தாங்கும். இது என்னை உதறப் பார்த்தது. கீழே ஒரு சாண் ஆட்டம் மேலே இரண்டு ஆள் நீளமாகியது. ஒவ்வொரு அலைக்கும் முழங்கால்கள் மரத்தில் மோதின. உச்சியை எட்டியதும் கயிற்றை நெம்புவதற்கு இடுப்பில் செருகியிருந்த கூர் இரும்பை எடுத்தேன். அது கையிலிருந்து நழுவிக் கடலில் விழுந்தது. மேலே போகும் எந்தக் கருவியையும் மணிக்கட்டில் கட்டிக்கொள்ள வேண்டும் என்பது முதல் வாரப் பாடம். நான் கட்டவில்லை.

கீழே யாரும் கத்தவில்லை. மூத்தவரின் குரல் மட்டும் வந்தது. “நூல் கயித்த இறக்கு. வேற ஒண்ணு கட்டி விடுதேன்.”

இடுப்பில் சுற்றியிருந்த மெல்லிய கயிற்றை இறக்கினேன். வேறொரு இரும்பு வந்தது. இந்த முறை முதலில் மணிக்கட்டில் கட்டினேன். ஒரு கையால் மரத்தை அணைத்துக்கொண்டு, படகு ஒருபுறம் சாய்ந்து நிமிரும் இடைவெளிகளில் மட்டும் இரும்பால் நெம்பினேன். எத்தனை முறை என்று தெரியாது. கயிறு சட்டென்று சக்கரத்தில் உட்கார்ந்தது. “எறக்குங்க” என்றேன். பெரிய பாய் எனக்குக் கீழே சரசரவென்று மடிந்து விழுந்தது. என்னை இறக்கி முடிப்பதற்குள் மழை வந்துவிட்டது.

அடுத்த முறை சுக்கான் என்னுடையது. ஓய்வெடுக்கிறாயா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன். சின்னப் பாய் ஒன்றை மட்டும் விரித்து அந்தக் காற்றில் மேற்கே ஓடினோம். மூத்தவர் பதிவேட்டில் ‘கயிறு சரிசெய்யப்பட்டது’ என்று எழுதினார். வேறொன்றும் எழுதவில்லை.

அதன் பிறகு கேரளக் கரையோரம். காலையில் கரைக்காற்று, பிற்பகலில் எதிர்க்காற்று. ஒரு விடியலில் ஆலப்புழைக்கு நேரே இருந்தபோது கிழக்கே நீலமாக ஒரு மலைவரிசை எழுந்து நின்றது. அது எந்த மலை என்று பக்கத்திலிருந்த கொல்லத்துப் பெண் கேட்டாள். அதற்கு அந்தப் பக்கம் எங்கள் வீடு என்றேன். அவள் நம்பவில்லை. கடல் வரைபடத்தில் கரைக்கு உள்ளே எதுவும் போட்டிராததால் என்னால் காட்டவும் முடியவில்லை.

கொச்சியிலிருந்து பஸ்ஸில் மூணாறு வந்து, அங்கிருந்து தோட்ட வேலை முடிந்தவர்களோடு போடிக்கு இறங்கும் ஜீப்பில் ஏறினேன். எட்டு நாள் ஆடிய உடம்புக்கு நிலம் பிடிக்கவில்லை. போடிமெட்டு தாண்டி மூன்றாவது வளைவிலேயே ஜீப்பை நிறுத்தச் சொல்லி வாந்தி எடுத்தேன். ஒரு அக்கா எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்து, எங்கேயிருந்து வருகிறேன் என்று கேட்டார். தூத்துக்குடியிலிருந்து கொச்சிக்குக் கடலில் போய்விட்டு வருகிறேன் என்றேன்.

“தூத்துக்குடியிலிருந்து வர்றதுக்கு மதுரை வழியா பஸ்சே இருக்கே ஆத்தா” என்றார் அந்த அக்கா. ஜீப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

வீட்டில் அம்மா என் முழங்கால்களைப் பார்த்தாள். நடந்ததைச் சொன்னேன், இரும்பைத் தவறவிட்டது உட்பட. எண்ணெய் தேய்த்துவிட்டபடி எவ்வளவு உயரம் என்று மட்டும் கேட்டாள். நம் தென்னை மர உயரம் என்றேன். மறுநாள் அப்பாவிடம் அவள் அதை இரண்டு தென்னை உயரம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அடுத்த தையில் லட்சத்தீவுக்குப் போனோம். இம்முறை கரையே இல்லாத கடல். நான்கு பேருக்கு நான் பொறுப்பு. அதில் இருவர் என்னைவிட வயதில் மூத்த ஆண்கள். திசையை யார் முடிவு செய்வது என்று ஒருவர் முதல் நாளே கேட்டார். நான் என்றேன். பிறகு அவர் கேட்கவில்லை. நாலாம் நாள் காலை தீவின் தென்னைகள் நான் சொன்ன திசையில், நான் சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னதாகத் தெரிந்தன.