டீச்சரம்மா வீட்டுக் கணப்பு

“...புகை போக ஒரு வழி கட்டிட்டீங்க, சரி மேஸ்திரி. அதுக்கு மேல எதுக்கு இன்னொரு ஓட்டை? அதை அடைச்சுடுங்க. பச்சை உடம்புக்காரி படுக்கப்போற ரூம். காத்து வரும். காத்தோட வேற எதாவதும் வரும்.”

டீச்சரம்மா கீழே நின்று இதைச் சொன்னபோது, நான் ஏணியில் நின்றிருந்தேன். என் கையில் உளி இருந்தது. அவர் ஓட்டை என்று சொன்னது, சுவரின் உச்சியில் அன்று காலை நான் உடைத்துத் திறந்திருந்த வெண்டிலேட்டரை.

அதை அடைத்தவனும் நான்தான். ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே பாதி காலியான சமயம். சாந்தோமில், கடலுக்கு இரண்டு தெரு உள்ளே அந்த வீடு. வீட்டுக்காரர், மனைவி இரண்டு பேரும் வாத்தியார்கள். கோயில் கட்டின நாளிலிருந்தே அந்தப் பங்கைச் சேர்ந்த கிறிஸ்தவக் குடும்பம். வெளிச்சம் தெரிகிறது என்று இருட்டடிப்பு வார்டன் தெருவில் நின்று கத்திவிட்டுப் போனார். ஜன்னல்களுக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டினார்கள். எட்டாத உயரத்தில் இருந்த வெண்டிலேட்டருக்கு என்னைக் கூப்பிட்டார்கள். அரை நாள் வேலை. செங்கல் வைத்து, சுண்ணாம்பு பூசி, மெழுகி விட்டேன். “தடவிப் பார்த்தாலும் தெரியாது சார்” என்று பெருமை வேறு அடித்துக்கொண்டேன்.

அந்த மார்கழியில் அவர்களுடைய பெரிய மகள் பிரசவத்துக்கு வந்தாள். அதே அறை. எட்டாம் நாள், நல்ல மழை. மத்தியானம் தலைக்கு ஊற்றி, சாம்பிராணி காட்டி, குளிர் படாமல் இருக்கக் கட்டிலடியில் குமுட்டி நிறையக் கரிக்கங்கு வைத்து, கதவைச் சாத்திவிட்டு வந்தார் டீச்சரம்மா. குழந்தையைக் கூடத்தில் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தார்கள். அதனால் அது பிழைத்தது. பால் கொடுக்க எழுப்பப் போனபோது தாய் எழுந்திருக்கவில்லை. முகம் மட்டும் ரோஜாப்பூ மாதிரி சிவந்திருந்தது. “மாதா கூப்பிட்டுக்கிட்டா, அதான் முகத்துல அப்படி ஒரு களை” என்றார்கள் கோயில் ஜனங்கள். தெரு ஜனங்கள் வேறு சொன்னார்கள்: “அந்த ரூம்புல ஒண்ணு கீது.”

நானும் போய் அழுதுவிட்டு வந்தேன். அடுத்த மழைக்கு வேலைக்காரி அங்கே கங்கு வைத்து, மேலே கூடை கவிழ்த்துத் துணி காயப் போட்டாள். தலை சுற்றி வாசற்படியிலேயே விழுந்தாள். பிறகு யாருக்கு என்ன சந்தேகம்? சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார். அறையைப் பூட்டிவிட்டார்கள்.

இரண்டு வருஷம் கழித்துச் சின்ன மகள் தலைச்சன் பிரசவத்துக்கு வந்தாள். வேறு அறை கிடையாது. சார் முன்பு குன்னூரில் வேலை பார்த்தவர். அங்கே வீட்டுக்கு வீடு சுவருக்குள் கணப்பு உண்டாம். “நெருப்பு சுவத்துக்குள்ள இருக்கட்டும் மேஸ்திரி. அந்த ரூம்ல இருக்கிறது எதுவானாலும் சிம்னி வழியா மேல போயிடட்டும்” என்று ஒரு காகிதத்தில் படம் போட்டுக் கொடுத்தார்.

“ஏம்ப்பா, மேல போற வழியா அது கீழ வராதா?” என்றாள் சின்னவள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வேறு யாரும் சிரிக்கவில்லை.

நான் அதற்கு முன் கணப்பு கட்டினவன் இல்லை. படத்தைப் பார்த்து, பின்சுவரை முன்னே சாய்த்து எழுப்பினேன், சூடு அறைக்குள் திரும்ப வேண்டும் என்று. புகை ஏறும் தொண்டையைக் குறுக்கினேன். மாடிக் கூரையில் தேக்கு உத்தரத்துக்கும் புகைபோக்கிக்கும் நடுவே ஒரு முழம் இடம் விட்டேன். மரம் சூடேறி என்றைக்காவது பற்றிக்கொள்ளக் கூடாது. கைப்பிடிச் சுவருக்கு மேலே மூன்றடி உயர்த்தினேன். மூன்று வாரம் காயவிட்டேன். பிறகு சவுக்குக் கட்டை நாலு அடுக்கி, கதவைச் சாத்திக்கொண்டு கொளுத்தினேன்.

புகை மேலே ஏறவில்லை. தொண்டை வரை போய், யாரோ தள்ளிவிட்ட மாதிரி அறைக்குள்ளேயே திரும்பி உருண்டது. கண் எரிந்து கதவைத் திறந்தேன். சட்டென்று அத்தனையும் மேலே இழுத்துக்கொண்டு போனது. மறுபடி சாத்தினேன்; மறுபடி திரும்பி வந்தது. புகை வந்து தேங்கிய மூலையில்தான் அன்று இறந்துபோன பெரியவளின் கட்டில் கிடந்தது.

அடையாற்றில் ஒரு துரை பங்களாவில் கணப்பு உண்டு. அங்கே பட்லராக இருந்தவர் எங்கள் ஆற்றோரத்துக் குப்பத்து ஆள்; அவரைத் தேடிப் போனேன். “வருசத்துல பத்து நாள் கொளுத்துவாங்கோ, மீதி நாள் புறா குடித்தனம்” என்று சொல்லிக்கொண்டே காட்டினார். என் கதையைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டார்.

“இன்னா நைனா, சிம்னியும் கட்டிட்டு ரூம்பையும் அடைச்சு வச்சிகீறியே! நெருப்பும் நம்மளாட்டம் மூச்சு வுடணும். வெளிக்காத்து உள்ள வந்தாத்தான் புகை மேல ஏறும். இல்லாங்காட்டி ரூம்புல படுத்துகீறவன் மூச்சைப் புடுங்கிக்கும்.”

“புகையே இல்லாத கரிக்கங்குன்னா?”

“அதான்பா பொல்லாதது. புகைஞ்சா இருமுவே, எழுந்து ஓடுவே. கங்கு சத்தமே போடாது. ஊட்டியில எங்க வாட்ச்மேனும் சம்சாரமும் குளிருக்குக் கரிச்சட்டிய உள்ள வச்சிக்கினு கதவைச் சாத்திக்கினாங்க. காலைல போய்ப் பாத்தா ரெண்டு பேர் மூஞ்சியும் செக்கச்செவேல்னு கீது. தூங்குறாங்கோன்னு தட்டித் தட்டி எழுப்புனேன் நான்.”

திரும்பி வரும்போது அடையாற்றுப் பாலத்தின் நடுவில் என் கால் நின்றுவிட்டது. நெருப்பில்லாமல் புகையாது என்று நாமெல்லாம் பழமொழி சொல்கிறோம். புகையாமல் நெருப்பு கொல்லும் என்று ஒருவரும் சொல்லி வைக்கவில்லையே. அந்த அறையில் இருந்த ‘ஒண்ணு’ யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது. அரை நாள் கூலிக்கு அதைக் கட்டி, பூசி, மெழுகியவன் நான். கரிக்கங்கு வைத்துக் கதவைச் சாத்தியவர் பெற்ற தாய்.

அதனால்தான் விடிந்ததும் வந்து வெண்டிலேட்டரை உடைத்தேன். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. டீச்சரம்மா அதை அடைக்கச் சொன்னபோது, “சிம்னிக்குக் காத்து வேணும்மா, இல்லாட்டி புகை திரும்பும்” என்று மட்டும் சொன்னேன். பாதி உண்மை. அது போதும், அவர் மனசும் நோகாது என்று நினைத்தேன்.

“பகல்ல இருக்கட்டும். அவ தூங்கறப்ப நான் சாக்கு வச்சு அடைச்சுக்கிறேன். கட்டைக்குப் பதிலா கங்கு மட்டும் போட்டா புகையவும் புகையாது” என்றார்.

சின்னவள் கூடத்தில் உட்கார்ந்து குழந்தைத் துணி தைத்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரிந்தது, இந்த அம்மாள் சாக்கு வைக்காமல் விடமாட்டார். ஏணியை விட்டு இறங்கினேன்.

“அம்மா, அன்னைக்கு உங்க பொண்ணை எதுவும் அடிக்கல. நான் அடைச்ச இந்த ஓட்டையும், அந்தக் கரிக்கங்கும்தான். காத்து இல்லாத ரூம்ல கங்கு ஆளைத் தூங்கவச்சே கொன்னுடும்.” பட்லர் சொன்னதையும் சொன்னேன். அந்த இரண்டு பேர் முகத்தின் நிறத்தைச் சொல்லாமல் விட்டேன்.

டீச்சரம்மா கட்டில் கிடந்த மூலையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, “முகம் சிவந்து போகுமா?” என்றார்.

“ஆமாம்மா.”

“நான்தான் சாத்தினேன். நல்லா இழுத்துச் சாத்தினேன், மேஸ்திரி.”

“அடைச்சது நானும்மா.”

“கொளுத்துங்க” என்றார்.

முதலில் ஒரு செய்தித்தாளைச் சுருட்டிக் கொளுத்தி, தொண்டைக்குள் உயர்த்திப் பிடித்துச் சூடு காட்டினேன். பட்லர் சொல்லிக்கொடுத்தது. பிறகு கட்டையில் வைத்தேன். மண்ணெண்ணெய் தொடவில்லை. புகை நேரே ஏறியது. மேலே திறந்திருந்த வெண்டிலேட்டர் வழியாகக் கடல்காற்று வந்து என் பிடரியில் பட்டது.

சின்னவள் வாசற்படி வரை வந்து எட்டிப் பார்த்தாள். “நீ அங்கேயே நில்லு” என்றார் தாய். “நான் முதல்ல இருந்து பாக்கிறேன். ரெண்டு மணி நேரம் கழிச்சு நான் எழுந்து வந்தா, அப்புறம் நீ படு.”

“பயமே இல்லம்மா, மேல திறந்திருக்கு. நீங்க இருந்து பாக்க வேண்டியதில்ல” என்றேன். கதவையாவது திறந்து வையுங்கள் என்று சின்னவள் கெஞ்சினாள்.

டீச்சரம்மா ஒரு நாற்காலியைக் கட்டில் கிடந்த மூலைக்கு இழுத்துப் போட்டார். உட்கார்ந்து ஜபமாலையைக் கையில் எடுத்தவர், மறுபடி எழுந்து வந்தார். என் மார்பில் கை வைத்து வெளியே தள்ளிவிட்டு, கதவை நன்றாக இழுத்துச் சாத்தினார்.