அண்ணன் இருக்கும் அறையில்

லூபேக்கு வாய் நீளம். மேற்கு சிட்னியில் அவள் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்துச் சமையற்கட்டில் மேலாளரே அவளிடம் பார்த்துத்தான் பேசுவார். அப்பேர்ப்பட்டவள் தீர்ப்பாயத்தில் வாயடைத்து உட்கார்ந்திருந்தாள் என்றால் யார் நம்புவார்கள்?

ஒரு சனிக்கிழமை, பிள்ளைகளின் ரக்பி ஆட்டம். பசிபிக் தீவான டோங்காவிலிருந்து வந்த எங்கள் குடும்பங்கள் மைதானத்து ஓரம் பாய் விரித்து, மரவள்ளியும் கறியும் பரப்பி உட்கார்ந்திருந்தன. எதிரணி கிளப்பின் செயலாளர் கிராடக், ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பெண்களைப் பார்த்துச் சொல்லத்தகாததைச் சொன்னான். லூபேயின் மகள் பாயைச் சுருட்டினாள். "இனிமே இங்க வர வேண்டாம்மா" என்றாள். அதுதான் லூபேக்குப் பொறுக்கவில்லை.

இனவெறுப்புப் புகாரை எழுதித் தந்தவன், அன்று ஐஸ் வாங்கக் கடைக்குப் போயிருந்த அண்ணன் செமிசி. கிராடக் என்ன சொன்னான் என்று அவன் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. எங்களில் கூடப்பிறந்தவன் காதுபட அந்த மாதிரிப் பேச்சு வரவே கூடாது. டிவியில் முத்தக் காட்சி வந்தால்கூட அண்ணனோ தங்கையோ எழுந்து போய்விடுவார்கள். ஆகவே "எங்களை மிகக் கேவலமாகப் பேசினார்" என்று மட்டும் எழுதி அனுப்பினார்கள். பாழாய்ப்போன கூச்சம்! விவரமே இல்லை என்று பாகுபாடு எதிர்ப்பு வாரியம் புகாரைத் தள்ளிவிட்டது. இனி தீர்ப்பாயம் அனுமதித்தால்தான் வழக்கு நடக்கும். இல்லையென்றால் எல்லாம் அன்றோடு சரி.

விசாரணை நாளில் துணைக்கு வந்த செமிசி, மரியாதைக்குரிய இடமென்று எங்கள் வழக்கப்படி வேட்டிமேல் சுற்றும் பின்னல் பாயை இடுப்பில் கட்டி, அவளை ஒட்டி உட்கார்ந்திருந்தான்.

"அவர் சொன்ன வார்த்தைகளை அப்படியே சொல்லுங்கம்மா" என்றார் விசாரித்த அம்மையார்.

லூபே மேசையையே பார்த்தாள்.

"அவசரமில்ல. மெதுவா சொல்லுங்க."

லூபே பக்கத்தில் இருந்த அண்ணனை ஓரக்கண்ணால் பார்த்தாள். கிராடக்கின் வக்கீல் எழுந்தார். "சொல்ல ஒண்ணுமில்லைங்க. பாயை நகர்த்தச் சொன்னாரு, அவ்வளவுதான்."

அடப் பாவி! லூபே மேசைக்கடியில் இரண்டு கைகளையும் கோத்து இறுக்கினாள். செமிசி அவள் கைகளைப் பார்த்தான். சட்டென்று எழுந்தான்.

"அம்மா, நான் வெளிய போயிடுறேன். நான் இங்க இருக்குற வரைக்கும் என் தங்கச்சி பேசாது."

கதவு சாத்தியதும் லூபே நிமிர்ந்தாள். "சொல்றேன், கேளுங்க. 'இந்தப் பொம்பளைங்களுக்குப் படுக்கைய விட்டா வேற என்ன தெரியும்? பன்னிங்க மாதிரி குட்டி போட்டுக்கிட்டே இருக்காளுங்க. அடிச்சுத் துரத்துங்க இந்தக் கூட்டத்தை.' இதைத்தான் சொன்னான். என் மக பக்கத்துல உட்கார்ந்திருந்தா." சொல்லி முடித்ததும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவமானமாகவும் இருந்தது, பாரம் இறங்கின மாதிரியும் இருந்தது.

வக்கீல் விடுவாரா? "இவங்க சொல்றாங்க, அவர் இல்லைங்கறாரு. வேற யார் கேட்டது?"

பாயில் இருந்த மற்ற பெண்கள் வம்பே வேண்டாமென்று எப்போதோ கைவிரித்துவிட்டார்கள். மகளை இழுக்க லூபேக்கு மனமில்லை. அம்மையார் சிறிது இடைவேளை விட்டார்.

நடைபாதைக் கோடியில் செமிசி சுவரைப் பார்த்து நின்றிருந்தான்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேண்ணே. சாட்சி கேட்கறாங்க. எங்க போவேன்?"

அவன் இடுப்புப் பாயை இறுக்கிக் கட்டினான். "நீ இங்கேயே இரு. உள்ள வராத. நான் போறேன்."

"நீங்க போய் என்ன சொல்லுவீங்க? அன்னைக்கு நீங்கதான் ஐஸ் வாங்கப் போயிருந்தீங்களே?"

செமிசி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "கடை மூடியிருந்துச்சு, லூபே. நான் உடனே திரும்பிட்டேன்."

அவள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை மாதமும் அவன் எல்லாவற்றையும் கேட்டவனாக, கேட்காதவன்போல அவள் எதிரில் நடமாடியிருக்கிறான். அவனும் வெட்கத்தை மென்று விழுங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

அவன் உள்ளே போய்ச் சாட்சி சொன்னான்; அன்று மாலையே வழக்கு நடத்த அனுமதி கிடைத்தது. இருவரும் காரில் வீட்டுக்குக் கிளம்பினார்கள். ஒரு கடையோரம் செமிசி வண்டியை நிறுத்தினான்.

"நாளைக்குச் சனிக்கிழமை, ஆட்டம் இருக்கு. பாயை எடுத்து வைக்கச் சொல்லு உன் மககிட்ட" என்று சொல்லிவிட்டு, ஐஸ் வாங்க இறங்கிப் போனான்.